தாடை வலிக்கு டி-ஸ்கேன் எடுத்தாயிற்று, அதைப் பார்த்துப் பல்லை ராவலாமா?

இரவுப்பறவை:
எல்லோருக்கும் வணக்கம். கொஞ்ச நாளாக வலது காதுக்கு முன்னால் வலி. வாயைப் பெரிதாகத் திறந்தால் ‘டக்’ என்று ஒரு சத்தம், காலையில் எழுந்திருக்கும்போதே கன்னமெல்லாம் இறுகிப்போய் இருக்கிறது. காது டாக்டர் பார்த்துவிட்டு, காதில் ஒன்றுமில்லை, பல் டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பினார். அங்கே டி-ஸ்கேன் எடுத்தார்கள், கடிக்கும்போது எந்தப் பல்லில் எவ்வளவு விசை விழுகிறது என்று கணினியில் காட்டும் கருவி. பல் வரிசையின் வளைவுக்கு ஏற்ற மாதிரி வெட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தகடு, ஒரு கைப்பிடியில் மாட்டியிருந்தது. வாயில் வைத்து நன்றாகக் கடியுங்கள் என்றார்கள். கடித்தால் உள்ளே நொறுநொறு என்று சத்தம் கேட்கிறது, திரையில் நீலமும் சிவப்புமாகத் தூண்கள் எழுந்து நிற்கின்றன. கடைசியில் இடது பக்கம் 62 சதவீதம், வலது பக்கம் 38 என்று வந்தது. “இடது கடைவாய் முதலில் படுகிறது, விசையும் அங்கேதான் அதிகம், அதனால்தான் மூட்டு வலிக்கிறது, அந்தப் பற்களை லேசாக ராவிவிட்டால் போதும்” என்கிறார் டாக்டர். படத்தைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது. ஆனால் சொத்தை எதுவும் இல்லாத நல்ல பல்லை ராவுவது என்றால் பயமாக இருக்கிறது. இதை எடுத்தவர்கள், இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்களேன்.

கடிவாளம்:
பயப்படாதீர்கள். எனக்கும் எடுத்தார்கள். கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போட்டதிலிருந்து அந்தப் பக்கம் மெல்லவே முடியவில்லை, பொட்டு வரைக்கும் வலி. கார்பன் தாளை வைத்துப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு வேறொரு டாக்டர் இந்த மெஷினில் பார்த்தபோது, மற்ற பற்கள் தொடுவதற்கு முன்பே அந்தக் கேப் மட்டும் தனியாக இடிப்பது தெரிந்தது. கேப்பைத் துளி தேய்த்தார், அதோடு வலி போய்விட்டது. எனக்கு இந்த மெஷின் தெய்வம்தான், யார் என்ன சொன்னாலும் சரி.

சென்சார்சாமி:
மெஷின் பக்கத்தை மட்டும் நான் சொல்கிறேன், அழுத்த சென்சார்கள்தான் என் பிழைப்பு. அந்தத் தகடு சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிமன். உள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் கடத்திக் கோடுகள், அவை வெட்டிக்கொள்ளும் இடங்களில் அழுத்தினால் மின்தடை குறையும் மை. ஒவ்வொரு புள்ளியையும் வரிசையாகப் படித்துக்கொண்டே போகும். வேகமான நிலையில் நொடிக்கு ஏறக்குறைய 500 தடவை. அதனால் எந்தப் பல் முதலில் தொட்டது, எது பின்னால் வந்தது என்பதை நொடியின் ஆயிரத்தில் சில பங்கு வரைக்கும் பிரித்துப் பார்க்கலாம். கார்பன் தாளால் இது நடக்காது, அது விட்டுப்போகும் கறை எப்போது விழுந்தது என்று யாரும் சொல்ல முடியாது. பெரிய கறை என்றால் பெரிய விசை என்பதும் இல்லை. தட்டையான இடத்தில் லேசாகப் பட்டாலே பெரிய கறை விழும், கூரான இடத்தில் பலமாக இடித்தாலும் சின்னப் புள்ளிதான் விழும்.

ஆனால் திரையில் தெரியும் சதவீதத்தை எடை என்று நினைத்துவிடாதீர்கள். 62 என்றால் 62 கிலோவும் இல்லை, நியூட்டனும் இல்லை. நீங்கள் அந்த நேரத்தில் கடித்த மொத்தக் கடியில் அந்தப் பக்கத்தின் பங்கு, அவ்வளவுதான். வலிக்குப் பயந்து பாதி பலத்தில் கடித்தாலும் அந்தப் பாதி பலம்தான் 100 ஆகக் கணக்கில் வரும். சென்சாரின் உணர்திறனை உங்கள் கடிக்கு ஏற்ப மாற்றி வைக்காவிட்டால் பாதித் திரை சிவப்பாகவே நிற்கும். அதே தகட்டைத் திரும்பத் திரும்பக் கடித்தால் மடிப்பு விழுந்து, அந்த மடிப்பும் தொடுகை மாதிரி படத்தில் வரும்.

இரவுப்பறவை:
எனக்கு ஒரே தடவைதான் கடிக்கச் சொன்னார்கள் சாமி அண்ணா. நாற்காலியைச் சாய்த்து, படுத்த நிலையில்.

சென்சார்சாமி:
அப்படியென்றால் அந்த 62க்கு நான் பெரிய மதிப்புக் கொடுக்க மாட்டேன். ஒரே ஒரு பதிவை வைத்து எந்த அளவீட்டையும் நம்பக் கூடாது. குறைந்தது சில முறை எடுத்து, ஒரே மாதிரி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் மேலே பேசவே வேண்டும்.

பல்லாங்குழி:
சாமி சொல்வது சரி. படுத்திருக்கும்போது கீழ்த்தாடை கொஞ்சம் பின்னால் போகும், நிமிர்ந்து உட்கார்ந்தால் முன்னால் வரும், தொடுகிற இடங்களும் அதற்கேற்ப மாறும். நான் பல் கட்டும் துறைக்காரன், இந்தக் கருவியைத் தினமும் பயன்படுத்துகிறவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், கேப், பிரிட்ஜ், குறிப்பாக இம்ப்ளான்ட் வேலையில் இதைப் போல உதவுவது வேறொன்றும் இல்லை. இயற்கைப் பல்லைச் சுற்றி நார்த்திசு இருக்கிறது, அழுத்தினால் பல் துளி அமிழும். இம்ப்ளான்ட் எலும்போடு நேராக ஒட்டியிருப்பதால் கிட்டத்தட்ட அமிழவே அமிழாது. அதனால் பலமாகக் கடிக்கும்போது இம்ப்ளான்ட் கொஞ்சம் தாமதமாகத் தொட வேண்டும். அந்தத் தாமதத்தைக் கார்பன் தாளில் எங்கே போய்ப் பார்ப்பது?

அப்புறம், டி-ஸ்கேன் நேற்று வந்த பொம்மை இல்லை, 1980களிலிருந்தே இருக்கிறது. தாடை வலிக்கும் இதற்கும் உள்ள தொடர்பை ராபர்ட் கெர்ஸ்டீன் என்பவர் 1991 முதல் எழுதிவருகிறார். அவருடைய வாதம் கடியின் அளவைப் பற்றியது இல்லை, நேரத்தைப் பற்றியது. பல்லைக் கடித்தபடியே தாடையைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். பின் பற்கள் உரசிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் விட்டு விலகும். அதற்கு அரை நொடிக்கு மேல் ஆனால், பல் வேரைச் சுற்றியுள்ள நரம்பு முனைகள் அவ்வளவு நேரமும் தூண்டப்பட்டுக்கொண்டே இருக்கும், மெல்லும் தசையும் தளராமல் இறுகியே இருக்கும், அதுதான் வலி என்கிறார். உரசும் இடங்களைக் கொஞ்சம் சீவி அந்த நேரத்தைக் குறைத்தால் தசையின் மின் செயல்பாடும் குறைகிறது, வலியும் குறைகிறது என்று பதிவுகளோடு காட்டியிருக்கிறார். ஒரேயடியாக ஏமாற்று வேலை என்று ஒதுக்க முடியாது.

மூட்டுக்காரன்:
ஏமாற்று என்று நானும் சொல்ல மாட்டேன் பல்லாங்குழி சார். ஆனால் இழையைத் தொடங்கியவர் கேட்டது வேறு. நான் முக வலி, தாடை மூட்டு நோயாளிகளை மட்டும் பார்க்கிறவன். அதனால் முதலில் அவரிடமே ஒரு கேள்வி: இரவுப்பறவை, இடது பக்கம் முதலில் படுகிறது என்று உங்களுக்கே தெரிகிறதா? தெரிந்தால் அது எப்போதிலிருந்து? வலி வருவதற்கு முன்பா, பின்பா?

இரவுப்பறவை:
தெரிகிறது டாக்டர். வலி வந்த பிறகுதான். அதற்கு முன்னால் என் கடியைப் பற்றி நினைத்ததே இல்லை. இப்போது வாயை மூடினால் இடது கடைவாய் ‘டொக்’ என்று முதலில் இடிக்கிறது, வலது பக்கம் சரியாகச் சேராத மாதிரி இருக்கிறது. காலையில் அதிகம், மதியத்துக்குமேல் கொஞ்சம் பரவாயில்லை.

மூட்டுக்காரன்:
நான் சந்தேகப்பட்டதும் இதைத்தான். வலி வலது மூட்டில், விசை இடது பல்லில். ஏன் என்று பாருங்கள். மண்டையோட்டில் ஒரு குழி, அதில் கீழ்த்தாடையின் குமிழ் உட்கார்ந்திருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஒரு டிஸ்க். வலது மூட்டில் வீக்கம் வந்து நீர் கோத்தால் அந்தக் குமிழ் குழியிலிருந்து துளி கீழே தள்ளப்படும். குமிழ் இறங்கினால் அந்தப் பக்கத்துக் கடைவாய்ப் பற்களும் இறங்கும், மேல் பல்லோடு சேராது. அப்போது விசை எங்கே போகும்? இடது பக்கம்தான். தாடையை முன்னே இழுக்கும் உள் தசை பிடித்துக்கொண்டாலும் இதே கதைதான்.

அதாவது அந்த 62-38 பொய் இல்லை, மெஷின் பார்த்ததைச் சரியாகவே சொல்லியிருக்கிறது. ஆனால் அது காரணத்தைக் காட்டவில்லை, விளைவைக் காட்டியிருக்கிறது என்பதற்கு நிறைய வாய்ப்பு இருக்கிறது. இப்போது இடது பல்லை ராவினால் இன்றைக்குக் கடி சமமாகிவிடும், உங்களுக்கும் அப்பாடா என்று இருக்கும். நாளைக்கு வீக்கம் வடிந்து குமிழ் பழைய இடத்துக்குப் போகும். அப்போது வலது பல் இடிக்கும், இடது பல் எட்டாது. உடனே வலதையும் ராவச் சொல்வார்கள். எனாமல் திரும்ப வளராது அம்மா. அது மிகத் தடியாக இருக்கும் இடத்திலேயே சுமார் இரண்டரை மில்லிமீட்டர்தான்.

தசைப்பிடி:
பிசியோதெரபிஸ்ட் நான். டாக்டர் சொன்னதை நானே நேரில் பார்க்கிறேன். உட்காரும்போதே ‘கடி சாய்ந்துவிட்டது’ என்று சொல்பவர்கள், கன்னத் தசையையும் பொட்டுத் தசையையும் தளர்த்திவிட்டு மறுபடி கடிக்கச் சொன்னால், ‘இப்போது பரவாயில்லையே’ என்பார்கள். பல்லை யாரும் தொட்டிருக்க மாட்டோம்.

கடிவாளம்:
அப்படியானால் எனக்குக் குணமானது எப்படி? அதையும் சொல்லுங்கள்.

மூட்டுக்காரன்:
உங்கள் கதை வேறு கடிவாளம். உங்களுக்கு முதலில் வந்தது கேப், அப்புறம்தான் வலி. வெளியிலிருந்து வந்த ஒரு பொருள் உயரமாக இருந்தது, அதைத் தேய்த்தார்கள். தேய்த்தது செராமிக்கை, உங்கள் எனாமலை இல்லை. பல் ரொம்ப நுட்பமானது, முடியைவிட மெல்லிய ஒன்று நடுவில் வந்தாலே கண்டுபிடித்துவிடும், அதனால் புதுக் கேப் கொஞ்சம் உயர்ந்தாலும் பல்லும் வலிக்கும், தசையும் எரிச்சலடையும். அங்கே இந்தக் கருவி சரியான கேள்விக்குச் சரியான பதில் கொடுத்தது. இரவுப்பறவைக்கு யாரும் கேப்பும் போடவில்லை, பல்லை அடைக்கவும் இல்லை.

பல்லாங்குழி:
இதை ஒப்புக்கொள்கிறேன். இந்த வரலாற்றோடு வந்தால் நானும் ராவ மாட்டேன். மூட்டு அமைதியான பிறகுதான் கடியைக் கணக்கெடுக்க வேண்டும், வீங்கியிருக்கும்போது எடுக்கும் பதிவு நகர்ந்துகொண்டிருக்கும் இலக்கைக் குறிவைப்பது மாதிரி. ஆனால் மூட்டில் வீக்கமே இல்லாமல், தசை வலி மட்டும் நீண்ட நாளாக இருந்து, பக்கவாட்டு உரசல் நேரமும் அதிகமாக இருக்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களை என்ன செய்வது? எல்லோரையும் மன அழுத்தம் என்று சொல்லி அனுப்பிவிடுவீர்களா?

மூட்டுக்காரன்:
இல்லை சார், யாரையும் அப்படி அனுப்பக் கூடாது. ஆனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள். வலியே இல்லாதவர்கள் நூறு பேரை வரிசையாக உட்கார வைத்து டி-ஸ்கேன் எடுத்தால் அத்தனை பேருக்கும் 50-50 வருமா? உரசல் நேரம் அரை நொடிக்குள் இருக்குமா? இருக்காது. நோயாளியையும் நோய் இல்லாதவரையும் பிரித்துக் காட்டினால்தான் ஒன்றை நோயறியும் கருவி என்று சொல்ல முடியும். அமெரிக்கப் பல் ஆராய்ச்சிச் சங்கம் 2010இல் வெளியிட்ட நிலைப்பாடு இதைத்தான் சொல்கிறது. தாடை மூட்டுக் கோளாறை நோயாளியின் வரலாறு, கையால் செய்யும் பரிசோதனை, தேவைப்பட்டால் படமெடுத்தல் ஆகியவற்றால்தான் அறிய வேண்டும், படமெடுக்கும் முறைகளைத் தவிர வேறு எந்தக் கருவியும் அந்தப் பிரித்தறியும் திறனைக் காட்டவில்லை என்று. சிகிச்சையும், தக்க காரணம் இருந்தாலொழிய, திரும்பப் பெறக்கூடியதாகவே இருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. 2017இல் இத்தாலிய ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கடியின் எந்த அம்சத்துக்கும் இந்த நோய்க்கும் சிகிச்சையை மாற்றும் அளவுக்கு உறவு தெரியவில்லை. மெல்லாத பக்கத்தில் பின் பற்கள் உரசுவது ஒன்றுதான் கணிசமான ஆய்வுகளில் சேர்ந்து வந்தது, அதுகூட நோயின் விளைவாக இருக்கலாம் என்றார்கள்.

பல்லைக் குற்றம் சொல்வது பழைய பழக்கம். 1934இல் காஸ்டன் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர், கடைவாய்ப் பல் போனால் தாடைக் குமிழ் பின்னால் அழுத்திக் காது வலியும் தலைச்சுற்றலும் வரும் என்று எழுதினார். உடற்கூறு அதற்கு ஒத்துவரவில்லை என்று பின்னால் தெரிந்தது. ஆனாலும் அந்த நினைப்பு மட்டும் போகவில்லை.

பல்லாங்குழி:
கெர்ஸ்டீன் வழியில் போகிறவர்கள் 2017 தொகுப்பை ஏற்க மாட்டார்கள். அந்த ஆய்வுகள் பெரும்பாலும் கண்ணால் பார்த்தும், அச்சு எடுத்தும், தாளை வைத்தும் கடியை அளந்தவை, நேரத்தை அளக்கவே இல்லை என்பார்கள். அந்த வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

மூட்டுக்காரன்:
இருக்கிறது. அதற்கு மருந்து, சார்பில்லாத குழுக்கள் பெரிய அளவில் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான். அது வரும்வரை நோயாளியின் எனாமலை வைத்து நாம் சோதனை நடத்தக் கூடாது, அவ்வளவுதான் என் சண்டை.

முத்துப்பல்:
ஒன்று கேட்கலாமா? நாள் முழுக்க நாம் பல்லைக் கடித்துக்கொண்டா இருக்கிறோம்? கடி இவ்வளவு முக்கியமா?

மூட்டுக்காரன்:
நல்ல கேள்வி. மெல்வது, விழுங்குவது எல்லாம் சேர்த்தாலும் இயல்பாகப் பற்கள் ஒன்றோடொன்று தொடும் நேரம் ஒரு நாளைக்கு இருபது நிமிடத்துக்கு மேல் போகாது என்பது பழைய கணக்கு. மற்ற நேரமெல்லாம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். கணினி முன்னால் உட்கார்ந்து மணிக்கணக்கில் லேசாகப் பல்லைச் சேர்த்தே வைத்திருப்பவர்களின் தசைக்குத்தான் ஓய்வு போய்விடுகிறது. அந்தப் பழக்கத்தை டி-ஸ்கேன் காட்டாது. அது நீங்கள் நாற்காலியில் கடித்த சில நொடிகளை மட்டும்தான் பார்க்கிறது. (இதைப் படிக்கும்போதே எத்தனை பேர் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள்.)

தசைப்பிடி:
ஐயோ, நான்!

இரவுப்பறவை:
நானும்தான். சரி டாக்டர், அப்படியானால் மூட்டு நோய் என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள்? என் டாக்டர் வாயைத் திறந்து பார்த்ததோடு நேராக மெஷினுக்குப் போய்விட்டார்.

மூட்டுக்காரன்:
2014இல் வெளியான டிசி/டிஎம்டி என்ற வரைமுறை இருக்கிறது. அதில் மெஷினே இல்லை. முதலில் பேச்சு. கடந்த 30 நாளில் வலி இருந்ததா, தாடையை அசைத்தால் அது மாறுகிறதா? அப்புறம் விரல். கன்னத் தசை, பொட்டுத் தசை மேல் சுமார் ஒரு கிலோ அழுத்தம், மூட்டின் மேல் அதில் பாதி. வெறுமே வலிக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது, “நீங்கள் சொன்ன அதே வலியா இது?” என்று கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்வியில்தான் பாதி விஷயம் இருக்கிறது. தசையில் அதே வலி வந்தால் தசை, மூட்டில் வந்தால் மூட்டு. அதன்பின் அளவுகோலால் வாய் திறப்பு. 40 மில்லிமீட்டருக்குக் குறைந்து, மெல்ல முடியாதபடி மாட்டிக்கொண்ட வரலாறும் இருந்தால் டிஸ்க் விலகி வழியை அடைத்திருக்கலாம், அதை உறுதிப்படுத்த எம்ஆர்ஐ. எலும்புத் தேய்மானம் என்று சந்தேகப்பட்டால் சிடி. கூடவே தூக்கம், பதற்றம், உடம்பில் வேறெங்கே வலி என்பதற்கும் தனிப் படிவங்கள் உண்டு. அது பைத்தியமா என்று பார்க்க இல்லை, வலி நீடிக்குமா என்பதை முன்கூட்டிச் சொல்வதில் அவைதான் பல்லைவிட நன்றாக வேலை செய்கின்றன.

வலி இல்லாத வெறும் ‘டக்’ சத்தம் நிறையப் பேருக்கு இருக்கும். அதற்கு மட்டும் சிகிச்சை வேண்டாம்.

தசைப்பிடி:
இன்னொன்றையும் சேர்த்துவிடுங்கள் டாக்டர். 50 வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி, பொட்டில் தொட்டால் வலி, உணவை மெல்லும்போது தாடை சோர்ந்து வலிப்பது, பார்வை மங்குவது என்றால் பல் டாக்டரிடம் போய் நேரத்தை வீணாக்கக் கூடாது, அது ரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டும். மாடி ஏறும்போது மட்டும் தாடை வலித்தால் இதயத்தைப் பார்க்க வேண்டும்.

முத்துப்பல்:
என் உறவுக்காரர் ஒருவர் பல்லை ராவி ராவி இப்போது எப்படிக் கடித்தாலும் சரியாக இல்லை என்கிறார். எத்தனை டாக்டர் மாற்றினாலும் ஒவ்வொருவரும் இன்னும் கொஞ்சம் தேய்த்து அனுப்புகிறார்கள்.

மூட்டுக்காரன்:
இனிமேல் யாரையும் தொட விடாதீர்கள். கடி மீதே கவனம் பூட்டிக்கொள்ளும் ஒரு நிலை உண்டு, 1976லேயே மார்பாக் என்பவர் எழுதியிருக்கிறார். மேலும் மேலும் தேய்ப்பது அதை முற்றவைக்கும். இந்த நிலையில் இருப்பவரிடம் வண்ணத் தூண் படத்தைக் காட்டுவதுகூட ஆபத்து, ஏனென்றால் எந்த வாயை எடுத்தாலும் ஏதாவது ஒரு தூண் உயரமாகத்தான் இருக்கும்.

இரவுப்பறவை:
புரிகிறது. இப்போதைக்கு நான் என்ன செய்யட்டும்? இரவில் பல்மேல் மாட்டிக்கொள்ள ஒரு நைட் கார்டும் தருகிறேன் என்றார்கள்.

மூட்டுக்காரன்:
நேரில் பார்க்காமல் மருந்து சொல்ல மாட்டேன். பொதுவாக ஆரம்பத்தில் மெல்லச் சிரமமில்லாத உணவு, கன்னத்தில் சூடு, கொட்டாவி விடும்போது கையால் தாங்குவது, பல்லைச் சேர்க்காமல் வைத்திருப்பது, தசைப்பிடி மாதிரி ஒருவரிடம் பயிற்சி. 2023இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழ் வெளியிட்ட வழிகாட்டியில் நாள்பட்ட தாடை வலிக்கு வலுவாகப் பரிந்துரைத்தவையும் ஏறக்குறைய இவைதான், பயிற்சி, கையால் தசையையும் மூட்டையும் தளர்த்துவது, வலியைக் கையாளும் மனப் பயிற்சி. நைட் கார்டைப் பொறுத்தவரை அந்த வழிகாட்டிக்கு உற்சாகம் இல்லை. நான் சிலருக்குக் கொடுக்கிறேன், முழு வரிசையையும் மூடுகிற கடினமான வகை மட்டும். கொஞ்சம் பற்களை மட்டும் மூடுவதை மாதக்கணக்கில் போட்டால் கடியே மாறிவிடலாம்.

பல்லாங்குழி:
அந்தக் கார்டைச் சமன்படுத்த டி-ஸ்கேன் எடுத்தால் எனக்கு ஆட்சேபமே இல்லை. தேய்வது அக்ரிலிக், தப்பானாலும் புதிதாகச் செய்துகொள்ளலாம். இரவுப்பறவை, ஒன்று செய்யுங்கள். எடுத்த பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். திரையின் படம் மட்டும் போதாது, முழுப் பதிவுக் கோப்பும் வேண்டும், அப்போதுதான் தொட்ட வரிசையும் நேரமும் கிடைக்கும். வலி அடங்கிய பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, புதுத் தகட்டில், மூன்று நான்கு தடவை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். அப்போது 62 எங்கே போகிறது என்று பார்ப்போம்.

சென்சார்சாமி:
உணர்திறன் அளவும் முதல் தடவை வைத்ததுதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது.

இரவுப்பறவை:
கோப்பைக் கேட்டு மெயில் போட்டுவிட்டேன். ராவுவதற்குக் கொடுத்திருந்த நேரத்தையும் ரத்து செய்துவிட்டேன். அந்த 30 நாள் கேள்வி, விரல் அழுத்தம் எல்லாம் செய்கிற டாக்டர் ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். மறுபதிவு எடுத்ததும் இரண்டையும் இங்கே போடுகிறேன், சண்டையை அப்போது தொடருங்கள்.